காந்தக் களிமண் வினையூக்கி: நிறம் போனால் சாயம் சிதைந்துவிட்டது என்று அர்த்தமா?

#1 ஆய்வகமேசை

வணக்கம். பென்டோனைட் (ஒரு வகைக் களிமண்) மேல் மேக்னடைட் (காந்தம் இழுக்கும் கறுப்பு இரும்பு ஆக்சைடு) ஏற்றி, ஹைட்ரஜன் பெராக்சைடுடன் சேர்த்துச் சாயத்தைச் சிதைக்கும் செய்முறையைக் கீழே தருகிறேன். எங்கே தப்பு என்று பார்த்துச் சொல்லுங்கள்.

தயாரிப்பு: பென்டோனைட் 3 கிராம், 200 மி.லி. நீரில் ஓர் இரவு ஊறவைத்துக் கலக்க வேண்டும். அதில் ஃபெரிக் குளோரைடு (ஆறு நீர் மூலக்கூறு உள்ளது) 2.34 கிராம், ஃபெரஸ் சல்பேட் (ஏழு நீர் மூலக்கூறு உள்ளது) 1.20 கிராம். 70 டிகிரியில் 25% அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக, பி.எச். 10 வரும்வரை. கறுப்பாகத் திரிவதைக் காந்தத்தால் பிடித்துக் கழுவி, 105 டிகிரி அடுப்பில் உலர்த்தல். கணக்குப்படி 1 கிராம் மேக்னடைட், ஆக 4 கிராம் பொடி.

சோதனை: மெத்திலீன் நீலம் லிட்டருக்கு 50 மி.கி., 100 மி.லி.; பொடி 0.1 கிராம், பெராக்சைடு, பி.எச். 3, காந்தக் கலக்கியில் 60 நிமிடம், 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 மி.லி. எடுத்து 664 நானோமீட்டரில் அளவீடு. பொடியைப் பிடித்து, கழுவி, மொத்தம் 5 சுழற்சி.

கேள்வி இரண்டு. பொடி சில சமயம் கறுப்பாக வராமல் செம்பழுப்பாக வருவது ஏன்? 5 சுழற்சியிலும் நிறம் 95 சதவீதத்துக்கு மேல் போனால், மறுபயன்பாடு நிரூபணமானதாக எடுத்துக்கொள்ளலாமா?

#2 வண்டல்

தயாரிப்பை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

செம்பழுப்பு வருவதற்கு முதல் காரணம் ஃபெரஸ் உப்பு. மேக்னடைட்டுக்கு ஃபெரிக் 2, ஃபெரஸ் 1 என்ற மோல் விகிதம் வேண்டும். உங்கள் எடைகள் அந்த விகிதத்துக்குச் சரிதான், ஆனால் ஃபெரஸ் உப்பு முழுசாக ஃபெரஸாகவே இருந்தால்தான். நாட்டுமருந்துக் கடைச் சரக்காக வரும் அன்னபேதியும் இதே ஃபெரஸ் சல்பேட்தான். அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நல்ல படிகம் கண்ணாடிப் பச்சையாக இருக்கும், பழசானால் மேலே மஞ்சள் கலந்த பழுப்புப் பூச்சு ஏறும். அந்தப் பூச்சு, ஃபெரஸ் காற்றில் ஆக்சிஜனேறி உண்டான ஃபெரிக். ஆய்வகக் குப்பியிலும் இதே கதைதான். பச்சைப் படிகத்தை மட்டும் பொறுக்கி, எடைபோட்டவுடன் கரையுங்கள். முதல் நாளே கரைத்து வைத்தால் காலையில் கரைசல் மஞ்சளாகிக் கிடக்கும். 5 முதல் 10 சதவீதம் ஃபெரஸ் கூடுதலாகப் போடுவது நல்ல பழக்கம்.

அடுத்தது காற்று. நீரில் கரைந்த ஆக்சிஜனை விரட்ட 20 முதல் 30 நிமிடம் நைட்ரஜன் குமிழ விட வேண்டும். அம்மோனியா சேர்த்து முடித்து அரைமணி நேரம் முதிரும் வரை அது ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: களிமண்ணில் உள்ள சுண்ணாம்புச் சத்து. சந்தையில் வரும் பென்டோனைட்டில் கால்சைட், குவார்ட்ஸ் எல்லாம் கலந்திருக்கும். கட்ச் பகுதிச் சரக்கானாலும் பார்மர் சரக்கானாலும் சோதிக்காமல் நம்பக் கூடாது. ஒரு சிட்டிகை மண்ணில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் 2 சொட்டு விடுங்கள். நுரைத்தால் கால்சைட் இருக்கிறது. ஃபெரிக் குளோரைடு கரைசலே அமிலத்தன்மை உடையது. கால்சைட் அந்த அமிலத்தைத் தின்றுவிடும், அம்மோனியா விழுமுன்பே ஃபெரிக் ஹைட்ராக்சைடு பழுப்பாக இறங்கிவிடும். அப்புறம் எவ்வளவு நைட்ரஜன் விட்டாலும் அது மேக்னடைட் ஆகாது.

சுத்தம் செய்யும் முறை: 2 சதவீதக் குழம்பாக நன்றாகக் கலக்கி உயரமான ஜாடியில் நிறுத்துங்கள். 30 டிகிரி நீரில் 2 மைக்ரான் துகள் 10 செ.மீ. இறங்க 6 மணி நேரம் சொச்சம் ஆகும். அதன்பின் மேல் 10 செ.மீ. நீரை மட்டும் உறிஞ்சி எடுத்தால் கையில் வருவது மெல்லிய மாண்ட்மோரில்லோனைட், பென்டோனைட்டின் முக்கியக் களிமண் கனிமம். குவார்ட்ஸ் பெரும்பாலும் அடியில் தங்கிவிடும். இதை 1 மோலார் சோடியம் குளோரைடில் 3 முறை கலக்கி எடுத்து, கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட் விட்டால் வெண்கலங்கல் வராத நிலை வரும்வரை கழுவுங்கள். கழுவக் கழுவ மண் அடியில் தங்காமல் நீரிலேயே மிதக்கத் தொடங்கும். உப்பு போகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

105 டிகிரி அடுப்பு வேண்டாம். நானோ அளவு மேக்னடைட் காற்றுபட்ட சூட்டில் மேக்ஹெமைட்டாக (ஃபெரிக் மட்டும் உள்ள இரும்பு ஆக்சைடாக) மாறும். காந்தத்தன்மை பெரிதாகக் குறையாததால் வெளியே தெரியாது, ஆனால் வினைக்கு வேண்டிய ஃபெரஸ் போய்விடும். பொடி கறுப்பிலிருந்து சாக்லேட் நிறத்துக்கு வந்தால் அதுதான் நடந்திருக்கிறது. வெற்றிட அடுப்பில் 50 முதல் 60 டிகிரி. இல்லாவிட்டால் உலர்த்தவே வேண்டாம்: குழம்பாகவே மூடிவைத்து, 5 மி.லி. மட்டும் உலர்த்தி எடைபோட்டுச் செறிவைக் கணக்கிடுங்கள். உலர்ந்த பென்டோனைட் கட்டியைத் திரும்ப நீரில் பிரிப்பது பெரும்பாடு.

#3 காந்தஊசி

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: நிரூபணமாகாது. உங்கள் எண்களை வைத்தே காட்டுகிறேன்.

மெத்திலீன் நீலம் நேர்மின் சாயம். மாண்ட்மோரில்லோனைட் தகடு எதிர்மின். அது சாயத்தை அயனிப் பரிமாற்றமாகவே இழுத்துக்கொள்ளும். உங்கள் களிமண்ணின் பரிமாற்றத் திறன் 100 கிராமுக்கு 80 மில்லி சமானம் (ஒற்றை நேர்மின் உள்ள இந்தச் சாயத்துக்கு 80 மில்லிமோல்) என்று வைப்போம். மாண்ட்மோரில்லோனைட்டுக்கு 80 முதல் 120 வரை சாதாரணம், நான் குறைந்ததையே எடுக்கிறேன். லிட்டருக்கு 1 கிராம் பொடியில் களிமண் 0.75 கிராம். அது பிடிக்கக்கூடியது 0.6 மில்லிமோல் சாயம், அதாவது 192 மி.கி. நீங்கள் போடுவது லிட்டருக்கு 50 மி.கி., 0.156 மில்லிமோல்.

0.6-ஐ 0.156-ஆல் வகுங்கள். 3.8 வருகிறது. பெராக்சைடே இல்லாமல், ஒரு மூலக்கூறுகூட உடையாமல், ஏறக்குறைய 4 சுழற்சிக்கு நிறம் போய்க்கொண்டே இருக்கும். சாயம் லிட்டருக்கு 20 மி.கி. மட்டும் என்றால் 9 சுழற்சி தாண்டும். "5 முறை பயன்படுத்தியும் திறன் குறையவில்லை" என்ற வரி வினையூக்கியின் புகழா, களிமண் இன்னும் நிரம்பவில்லை என்ற செய்தியா? இந்தச் சோதனையை வைத்து அதைச் சொல்லவே முடியாது. இது கவலைப்பட வேண்டிய விஷயம். அந்தப் பொடியைக் குழியில் கொட்டினால் சாயமும் கூடவே போகிறது.

இன்னொரு பொறி அளவீட்டில். களிமண்மேல் மெத்திலீன் நீலம் அடுக்கடுக்காகச் சேரும்போது அதன் உச்சம் 664-இலிருந்து 570 முதல் 610 பக்கம் நகரும். மாதிரியில் மெல்லிய களிமண் மிதந்தால், 664-இல் அளவு விழும், கண்ணுக்கு ஊதா சாயல் இருக்கும். ஒற்றை அலைநீளத்தில் அளக்காமல் 400 முதல் 800 வரை முழு வரைகோடும் எடுங்கள். 800-இல் சுழி இல்லாவிட்டால் கலங்கல் இருக்கிறது. காந்தத்தால் மட்டும் பிரித்தால் மேக்னடைட் ஒட்டாத மண் துகள் மேலேயே நிற்கும். நிமிடத்துக்கு 10,000 சுற்றில் 5 நிமிடம் மையவிலக்கியில் போடுங்கள். ஊசிக்குழலில் வடிதாள் பொருத்தி மாதிரியைத் தள்ளுவதாக இருந்தால், செல்லுலோஸ் நைட்ரேட் வடிதாள் இந்தச் சாயத்தைத் தானே பிடிக்கும். வெறும் சாயக் கரைசலைத் தள்ளிப் பார்த்து எவ்வளவு குறைகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் காந்தக் கலக்கி! காந்தப் பொடியைக் காந்தக் குச்சியால் கலக்கினால் பொடி முழுவதும் குச்சியில் தாடிபோல ஒட்டிக்கொள்ளும். கரைசலில் எவ்வளவு பொடி உண்மையில் சுற்றுகிறது என்பதே தெரியாது. மேலிருந்து இறங்கும் கண்ணாடி அல்லது டெஃப்லான் துடுப்பு, அல்லது குலுக்கி மேசை. வேறு வழி இல்லை.

#4 ஆய்வகமேசை

மிக்க நன்றி. 3.8 என்ற கணக்கு நெஞ்சில் தைக்கிறது. பெராக்சைடு இல்லாமல் ஒரு வெற்றுச் சோதனை செய்து அதைக் கழித்துவிட்டால் போதாதா?

#5 காந்தஊசி

கழித்தல் சரிவராது. பெராக்சைடு இருக்கும்போது சாயம் கரைசலிலும் உடையும், மண்மேலும் உடையும். இரண்டும் ஒன்றையொன்று மாற்றும். வெற்றுச் சோதனை கட்டாயம் வேண்டும், ஆனால் அது ஆரம்பம்தான்.

முதல் வேலையாகச் சாயத்தை மாற்றுங்கள். ரியாக்டிவ் பிளாக் 5 எடுத்தால் அதன் சல்போனேட் தொகுதிகள் எதிர்மின். களிமண் தகடு அதை ஒதுக்கும். உச்சம் 597 நானோமீட்டர். அதில் நிறம் போனால் பெரும்பங்கு வினையால்தான். பருத்தித் துணிக்குப் போடுவதும் இந்த வகைச் சாயத்தைத்தான். மெத்திலீன் நீலத்தில் வரும் அழகான எண்ணை அப்படியே அங்கே கொண்டுபோக முடியாது.

இரண்டாவது, மொத்தக் கரிமக் கார்பன். நிறம் போவது என்றால் நிறம் தரும் பிணைப்பு உடைந்தது, அவ்வளவுதான். அசோ பிணைப்பு (இந்தச் சாயத்தில் நிறம் தரும் நைட்ரஜன்-நைட்ரஜன் பிணைப்பு) உடைந்தபின் வளையத் துண்டுகள் நீரிலேயே இருக்கலாம். நிறம் 95 சதவீதம் போயிருக்கும், கார்பன் பாதிகூடக் குறைந்திருக்காது, இது சகஜம்.

மூன்றாவது, வினை முடிந்த பொடியைக் கேட்பது. எத்தனால் கலந்த 1 மோலார் சோடியம் குளோரைடு நீர்க்கரைசலில் 0.05 கிராமை ஓர் இரவு குலுக்குங்கள். திரவம் நீலமானால் சாயம் உடையாமல் உள்ளே இருந்திருக்கிறது. ஆனால் நீலம் வராவிட்டால் ஒன்றும் நிரூபணமாகாது, களிமண் தகடுகளுக்கு நடுவே போன சாயம் லேசில் வெளியே வராது.

#6 பெராக்சைடு

பெராக்சைடு அளவு #1-இல் எழுதவே இல்லை, அதுதான் குறை. மெத்திலீன் நீலம் ஒரு மோல் முழுசாக கார்பன் டை ஆக்சைடு, நைட்ரேட், சல்பேட் ஆக 51 மோல் பெராக்சைடு வேணும். உங்க 50 மி.கி.க்கு லிட்டருக்கு 8 மில்லிமோல், அதாவது 271 மி.கி.; 30 சதவீதக் குப்பியிலிருந்து லிட்டருக்கு 0.8 மி.லி. சொச்சம். குப்பி பழசா இருந்தா பெர்மாங்கனேட் தரம்பார்த்தல் போட்டுக்குங்க, குறைஞ்சிருக்கும். இரண்டு மடங்கு வரை போகலாம். பத்து மடங்கு ஊத்தினா மிச்சப் பெராக்சைடே, சாயத்தை உடைக்கிற ஹைட்ராக்சில் தனி உறுப்பைத் (ஃப்ரீ ராடிகல்) தின்னும், வேகம் குறையும். மொத்தமா ஊத்தாம 3 அல்லது 4 தவணையாக் கொடுங்க.

பி.எச். 3-இல இரும்பு கரையும். லிட்டருக்கு 1 கிராம் பொடியில மேக்னடைட் கால் பங்கு, அதில இரும்பு 181 மி.கி. ஒரு சுழற்சிக்கு 3 மி.கி. கரைஞ்சாலும் அது 2 சதவீதத்துக்குக் கீழதான், பொடி எடையில தெரியாது. ஆனா அந்த 3 மி.கி. கரைந்த இரும்பு மட்டுமே சாதாரண ஃபென்டன் வினையா (கரைந்த இரும்பு பெராக்சைடோட சேர்ந்து ஹைட்ராக்சிலை உண்டாக்கறது) சாயத்தை உடைக்கப் போதும்! அப்புறம் உங்க திடப்பொருள் என்ன செஞ்சுது? இதுக்குச் சோதனை எளிது: 10 நிமிடத்தில பொடியை முழுசா எடுத்துட்டு, வடிநீரில மட்டும் வினையைத் தொடருங்க. அளவு தொடர்ந்து விழுந்தா கரைந்த இரும்போட வேலை அது. இரும்பை ஃபெனாந்த்ரோலின் முறையில 510-இல அளங்க. ஹைட்ராக்சிலமின் சேர்த்து ஃபெரிக்கை ஒடுக்கின பிறகு. வினை முடிவில இரும்பு கூடுதலாக் கரையறதுக்கு ஆக்சாலிக் அமிலமும் காரணம்: வளையம் உடைஞ்சா கடைசியில சிறு அமிலங்கள் வரும், ஆக்சாலேட் இரும்பை அணைவாக்கி இழுத்துக்கிட்டு வந்துடும்.

"நடுநிலை பி.எச்.சில் வேலை செய்கிறது"ன்னு யாராவது சொன்னா முடிவு பி.எச். கேளுங்க. இதே சிறு அமிலங்களால 6-இல ஆரம்பிச்சது 4-க்கு வந்து நிக்கும்.

வினையை நிறுத்துற இடத்திலயும் தப்பு நடக்குது. மெத்தனால் ஊத்தி நிறுத்திட்டு அதே மாதிரிக்கு மொத்தக் கார்பன் எடுத்தா, அளக்கிறது மெத்தனாலோட கார்பனை. கார்பனுக்குச் சோடியம் சல்பைட் சரி. சி.ஓ.டி. (நீரில இருக்கிற பொருளை ஆக்சிஜனேற்ற வேண்டிய ஆக்சிஜன் அளவு) எடுக்கிறதா இருந்தா சல்பைட் மிச்சமும் ஏறும், பெராக்சைடு மிச்சமும் ஏறும்: 1 மி.கி. பெராக்சைடுக்கு கிட்டத்தட்ட 0.47 மி.கி. சி.ஓ.டி. அதுக்குக் கேட்டலேஸ் நொதி நல்லது, அதுவும் பி.எச். 7-க்குக் கொண்டுவந்த பிறகுதான்; புரதம்ங்கிறதால சொற்பமாப் போட்டு, வெற்று மாதிரியிலயும் அதே அளவு போடணும்.

#7 வண்டல்

மறுபயன்பாட்டுச் சோதனையில் இன்னொரு ஓட்டை. 100 மி.லி.யிலிருந்து 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 மி.லி. எடுத்தால், 60 நிமிடத்தில் 12 மி.லி.; கூடவே 12 சதவீதப் பொடியும் வெளியே போகிறது. 5 சுழற்சியில் பாதியை நெருங்கும். திறன் குறைந்தது வினையூக்கி கெட்டதாலா, பொடியே இல்லாததாலா? மையவிலக்கியில் இறங்கிய பொடியைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள். அதைவிட, ஒரே அளவில் 3 குடுவை வைத்து, ஒவ்வொரு சுழற்சி முடிவிலும் பொடியை ஒன்றாக்கி எடைபார்த்து, அதற்கேற்ப அடுத்த சுழற்சியின் கரைசல் அளவைக் குறைப்பது நேர்மையானது.

60-ஆவது நிமிட அளவை ஒப்பிடாதீர்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். வேகம் மூன்றில் ஒன்றாகக் குறைந்திருந்தாலும் 60 நிமிடத்தில் 95 சதவீதம் காட்ட வாய்ப்பு உண்டு. 10 முதல் 15 நிமிடத்துக்குள் வரும் வேக மாறிலியை ஒப்பிடுங்கள். சரிவு அங்கேதான் தெரியும்.

சரிந்தால் மீட்பது எப்படி? 400 டிகிரியில் சுட்டு எடுப்பதைப் பலர் எழுதுகிறார்கள். மேல் ஒட்டிய கரிமம் எரியும், சரி. மேக்னடைட் காற்றில் ஆக்சிஜனேற்றமாகி, மேலும் சூடேறினால் ஹெமடைட் ஆகும், காந்தம் பிடிக்காது. பொடி செங்கல் நிறத்துக்கு வந்தால் அத்தோடு முடிந்தது. 30 மில்லிமோலார் பெராக்சைடில் சாயமே இல்லாமல் ஒரு மணி நேரம் விட்டுக் கழுவுவது பாதுகாப்பான வழி. எத்தனாலில் கழுவினால் அதன்பின் நீரில் குறைந்தது 3 முறை கழுவுங்கள். மிஞ்சிய எத்தனால் அடுத்த சுழற்சியில் தனி உறுப்புகளை விழுங்கும்.

#8 சாயத்தொட்டி

எல்லாம் நல்லாத்தான் சொல்றீங்க. பட்டறைத் தண்ணி எப்படி இருக்கும்னு நானும் சொல்லிடறனுங்க. ரியாக்டிவ் சாயத்தொட்டியில உப்பு லிட்டருக்கு 40 முதல் 80 கிராம், சோடா (சோடியம் கார்பனேட்) 10 முதல் 20 கிராம், பி.எச். 10, 11. கூடவே சாயத்தில துணி பிடிக்காம நீராற்பகுத்துப் போன பங்கு.

பி.எச். 3-க்கு இறக்கணும்னா முதல்ல அந்தச் சோடாவைக் கொல்லணுமுங்க. 10 கிராம் சோடாவுக்குக் கணக்குப் பார்த்தா அடர் கந்தக அமிலம் லிட்டருக்கு 5.2 மி.லி. ஆயிரம் லிட்டருக்கு 5.2 லிட்டர், எடையில 9.5 கிலோவுக்கு மேல. அது ஊத்தும்போது கார்பன் டை ஆக்சைடு நுரைச்சுத் தொட்டி வழியும், சோப்பு மிச்சம் இருந்தா இன்னும் மோசம். முடிஞ்ச பிறகு சுண்ணாம்பு போட்டுத் திரும்ப ஏத்தணும், ஜிப்சம் கசடு கூடும். பொடியைக் காந்தத்தில பிடிச்சு மிச்சம் பண்ணினது எல்லாம் கசடுல போயிடுமுங்க.

2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, இங்க ஒரு சொட்டு வெளிய விடாத முறைதான். உயிரியல் தொட்டி, ஆர்.ஓ., அப்புறம் ஆவியாக்கி. அதனால இங்க நிறம் மட்டும் பிரச்சினை இல்லீங்க. ஒவ்வொரு கிலோ ரசாயனமும் கடைசியில உப்பாவோ கசடாவோ கையிலயே நிக்கும். நொய்யலையும் சாயக்கழிவு தேங்கின ஒரத்துப்பாளையம் அணையையும் பார்த்தவங்களுக்கு அது ஏன்னு சொல்ல வேண்டியதில்லை.

#9 பெராக்சைடு

சாயத்தொட்டி அண்ணா சொன்ன சோடா வேகத்தையும் தின்னும். கார்பனேட் ஹைட்ராக்சிலோட நொடிக்கு 10 கோடிக் கணக்கான மாறிலியில வினைபுரியும். பைகார்பனேட் அதைவிட 40 மடங்குக்கு மேல மெதுவு. அமிலமாக்கிக் கார்பன் டை ஆக்சைடை விரட்டினா இந்தத் தொல்லை தீரும், ஆனா உப்பு அங்கேயே இருக்கும். சாதாரண உப்பா இருந்தா குளோரைடு பி.எச். 3-இல குளோரின் தனி உறுப்பா மாறி, குளோரின் ஏறின கரிமப் பொருள்களை உண்டாக்கும். நிறம் போயிடும், புதுசா ஒரு நஞ்சு வந்திருக்கும். கிளாபர் உப்பு (சோடியம் சல்பேட்) போடற பட்டறைத் தண்ணிக்கு இந்த ஆபத்து ரொம்பக் குறைவு. சோதனைக்குத் தண்ணி எடுக்கும்போதே எந்த உப்புன்னு கேட்டு எழுதிக்கணும்.

#10 ஆய்வகமேசை

அப்படியானால் இந்தப் பொருளுக்கு எங்கே இடம்? நேரடியாகக் கழிவு நீரில் போடுவது வீண் என்றே படுகிறது.

#11 வண்டல்

ரியாக்டிவ் சாயத்தொட்டித் தண்ணீரில் நேரடியாகப் போடுவது வீண்தான், நானும் அப்படியே நினைக்கிறேன். ஆனால் #3-இல் குறையாகச் சொன்ன, சாயம் களிமண்மேல் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பரப்புக் கவர்தலையே முதல் படியாக வைத்தால் கணக்கு மாறும். அக்ரிலிக் நூலுக்குப் போடும் பேசிக் வகைச் சாயங்கள் நேர்மின். அந்தக் கழிவை எடுத்துக்கொள்வோம்.

1,000 லிட்டரில் 50 கிராம் சாயம், மெத்திலீன் நீலம் போன்றது என்று வையுங்கள். பொடி சாயம் பிடிக்கும் திறனில் பாதியை மட்டும் நம்பினால் அரை கிலோ பொடி போதும். அமிலம் வேண்டாம், பெராக்சைடு வேண்டாம். கலக்கி, காந்தத்தால் பிடித்தால் தண்ணீர் தெளிவு. சாயம் முழுவதும் சில லிட்டர் சேற்றில் இருக்கிறது. அமிலமும் பெராக்சைடும் அந்தச் சேற்றுக்கு மட்டும்: களிமண்ணின் பரிமாற்றத் திறனைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் அடர் கந்தக அமிலம் 10 மி.லி. அளவில் முடியும், 30 சதவீதப் பெராக்சைடு 0.8 லிட்டர்.

சேற்றை 5 லிட்டரில் வைத்துப் பெராக்சைடை ஒரேயடியாக ஊற்றக் கூடாது. 8 மோல் பெராக்சைடு சிதையும் வெப்பம் மட்டுமே அந்த 5 லிட்டரை ஏறக்குறைய 37 டிகிரி ஏற்றிவிடும். நம் ஊர் வெயிலில் 32-இல் ஆரம்பித்தால் 70-ஐத் தொடும், ஆக்சிஜன் நுரையில் சேறு பொங்கி வழியும். 20 லிட்டராக நீர்த்து, 6 தவணையாக, தவணைக்கு 20 நிமிட இடைவெளி.

இதிலும் ஒரு எல்லை உண்டு. ஹைட்ராக்சில் பிறந்த இடத்திலிருந்து சில நானோமீட்டருக்கு மேல் நகராது. தகடுகளுக்கு நடுவே அடைபட்ட சாயத்தை மேற்பரப்பில் உள்ள மேக்னடைட் எளிதில் எட்டாது. ஆகவே அடுத்த சுற்றில் எவ்வளவு சாயம் புதிதாகப் பிடிக்கிறது என்பதே மீட்பின் அளவுகோல். முதல் சுற்றில் பிடித்ததில் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பொடியை மாற்ற வேண்டும் என்பது என் கணிப்பு.

ரியாக்டிவ் சாயத்துக்கு இதே உத்தி வேண்டுமானால் களிமண்ணையே மாற்றுங்கள். இரட்டை ஹைட்ராக்சைடு அடுக்குப் பொருள், ஹைட்ரோடால்சைட் வகை, எதிர்மின் அயனியைப் பிடிக்கும். ஆனால் அது பி.எச். 3-இல் கரைந்துபோகும், ஃபென்டன் அங்கே ஆகாது. நடுநிலைக்கு அருகே, பெராக்சைடுக்குப் பதில் பெர்சல்பேட்தான். சோடா மிகுந்த தண்ணீரில் கார்பனேட் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதையும் மறக்காதீர்கள்.

#12 சாயத்தொட்டி

அக்ரிலிக் கணக்கு ஒத்துக்கறனுங்க. ஆயிரம் லிட்டர்ல அரை கிலோவை எப்படிப் பிடிப்பீங்க? பீக்கர் பக்கத்தில காந்தம் வைக்கிற கதை அங்க ஆகாதுங்களே.

#13 காந்தஊசி

ஆகாது. காந்த இழுப்பு தூரத்துக்கு மிக வேகமாகக் குறையும். நியோடிமியம் கட்டியானாலும் 3, 4 செ.மீ. தாண்டினால் இந்தப் பொடிக்குப் பயன் இல்லை. மேக்னடைட்டின் முழுக் காந்தமாக்கம் கிராமுக்கு 92 இ.எம்.யு. (காந்தமாக்க அலகு), நானோ அளவில் 60 முதல் 70, கால் பங்கு ஏற்றிய களிமண்ணில் 15 பக்கம்தான் கிடைக்கும்.

ஆகவே தண்ணீரைக் காந்தத்திடம் கொண்டுபோக வேண்டும். ஒரு குழாயில் துருவேறா எஃகு இழையை அடைத்து, வெளியே காந்தம் வைத்து, மெதுவாகத் தண்ணீரை ஓடவிடுங்கள். ஒவ்வொரு இழையும் ஒரு காந்த முனையாகிப் பொடியைப் பிடிக்கும். காந்தத்தை விலக்கித் தலைகீழாக நீர் அடித்தால் பொடி வெளியே வரும். இழை 430 ரகமாக இருக்க வேண்டும். 304 காந்தத்துக்கு வசப்படாது. சாதாரண இரும்பு நார் போட்டால் துருப்பிடித்து இரும்பு கரையும், அப்புறம் #6-இல் சொன்ன இரும்பு அளவீடு எதுவும் செல்லாது. சுத்தம் செய்யும்போது காந்தத்தோடு சேர்த்து வெந்நீரில் முக்க வேண்டாம். சாதாரண ரக நியோடிமியம் 80 டிகிரிக்கு மேல் நிரந்தரமாகவே வலு இழக்கும்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே பாருங்கள். கலவையை நீரில் 10 நிமிடம் வேகமாகக் கலக்கி, காந்தம் பிடித்தபின் மேல் நீரை ஒரு கண்ணாடிக் குடுவையில் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பால் கலங்கல் இருந்தால் மேக்னடைட் ஒட்டாத களிமண் அதில் இருக்கிறது. அது எஃகு இழையில் நிற்காது. பிடித்த சாயத்தோடு நேரே வெளியே போகும். அந்தப் பங்கை முதல் நாளிலேயே 3, 4 முறை கழுவி வெளியேற்றி, எடையில் எவ்வளவு போயிற்று என்று எழுதிவைத்துவிட்டுத்தான் முதல் சுழற்சியைத் தொடங்க வேண்டும்.

#14 ஆய்வகமேசை

குறித்துக்கொண்டேன். ரியாக்டிவ் பிளாக் 5, துடுப்புக் கலக்கி, 3 குடுவை, 10 நிமிட வடிநீர்ச் சோதனை, இரும்பு அளவு, முடிவு பி.எச். இவற்றைச் சேர்த்துச் செய்முறையைத் திருத்தி இதே இழையில் போடுகிறேன். மெத்திலீன் நீலத்தைப் பரப்புக் கவர்தல் அளக்க மட்டும் வைத்துக்கொள்கிறேன்.